குறுவைக்குக் காத்திருந்த கணினி

தங்கை மகள் ஒரு நாள் துணிப்பைக்குள் மடிக்கணினியைப் போட்டு எடுத்து வந்தாள். அப்பாவின் அலுவலகம், அண்ணனின் கல்லூரி விடுதி என்று சுற்றிவிட்டுக் கடைசியில் இவளிடம் வந்து சேர்ந்த பத்து வயதுப் பெட்டி. பொத்தானை அழுத்திவிட்டுப் போய்க் காபி கலந்து குடித்துவிட்டு வரலாம். அப்போதும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். "பிராசசர் பழசாயிடுச்சாம் மாமா. புதுசுதான் வாங்கணும்னு கடையில சொல்லிட்டாங்க" என்றாள். புதுசு என்றால் ஐம்பதாயிரத்துக்குக் குறையாது.

டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொன்னேன். எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் பட்டியல் அது. பிராசசர் 8 சதவீதம், ஹார்ட் டிஸ்க் 100 சதவீதம் என்று இருந்தது. "யாரைப் பழசுன்னு சொன்னாங்களோ அது சும்மா உட்கார்ந்திருக்கு பாரு" என்றேன். அந்தச் சனிக்கிழமை ரிச்சி தெருவில் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு ஓர் எஸ்எஸ்டி வாங்கினோம். அடிமூடியின் திருகுகளைக் கழற்றி, ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் அதைப் பொருத்தினோம். அதே பிராசசர், அதே ரேம். இருபது விநாடியில் திரை வந்துவிட்டது. அவளுக்கு நான் ஏதோ மந்திரவாதி போலத் தெரிந்திருக்க வேண்டும். அந்த எண்ணத்தைக் கலைக்க நான் அவசரப்படவில்லை.

கணினியோடு நமக்கு விற்கப்படும் எண்களில் பெரும்பாலானவை கணக்குப் போடும் வேகத்தைச் சொல்பவை. இத்தனை கிகாஹெர்ட்ஸ், இத்தனை கோர், இப்போது புதிதாக இத்தனை டாப்ஸ். கணினியோ தன் ஆயுளின் பெரும்பகுதியை, கணக்குக்கு வேண்டிய எண் வந்து சேரட்டும் என்று காத்துக் கிடப்பதிலேயே கழிக்கிறது. எந்தப் புதிய வன்பொருள் வந்தாலும் நான் முதலில் கேட்பது, இது எந்தக் காத்திருப்பைக் குறைக்கிறது என்பதைத்தான். இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத அட்டைப்பெட்டிகள் நிறைய இருக்கின்றன.

காத்திருப்பின் அளவை முதலில் பார்த்துவிடலாம். 3 கிகாஹெர்ட்ஸ் பிராசசரின் ஒரு துடிப்பு, நானோவிநாடியில் மூன்றில் ஒரு பங்கு. அதற்குள் ஒளியே 10 சென்டிமீட்டர்தான் நகர முடியும். இவ்வளவு சிறிய அளவு மனதில் நிற்காது. ஆகவே ஒரு நானோவிநாடியை ஒரு முழு விநாடியாக இழுத்து நீட்டிக்கொள்வோம். பிராசசரை ஒரு சமையல்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பக்கத்திலேயே இருக்கும் அஞ்சறைப்பெட்டிதான் கேஷ் நினைவகம்; கை நீட்டினால் ஒரு விநாடியில் கடுகு கிடைக்கும். ரேம் என்பது தெருமுனை அண்ணாச்சி கடை. பையனை ஓடவிட்டால் ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல், ஏறக்குறைய 100 விநாடியில் சாமான் வந்துவிடும். எஸ்எஸ்டி வெளியூர்ப் பார்சல் மாதிரி. உண்மையில் அது எடுப்பது விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். நம் நீட்டிய கணக்கில் ஒரு நாளும் சில மணி நேரமும்.

ஹார்ட் டிஸ்க்? சுமார் 10 மில்லிவிநாடி. நீட்டினால் 116 நாள். குறுவை நெல்லை விதைத்து, நாற்றுப் பறித்து நட்டு, அறுத்துக் களத்துக்குக் கொண்டுவர ஆகும் காலம். என் தங்கை மகளின் சமையல்காரர் உலையை ஏற்றிவிட்டு, அரிசிக்கு நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கரண்டி சுழற்றும் வேகத்தை இரட்டிப்பாக்கி என்ன பயன்?

இந்த 116 நாள் எங்கே போகிறது என்றால், ஒரு பொருள் உடம்போடு நகர்வதில் போகிறது. ஹார்ட் டிஸ்க்குக்குள் காந்தப்பூச்சுப் பூசிய தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. மடிக்கணினிகளில் பெரும்பாலும் 5,400 முறை. வாசிக்கும் முனை ஒரு கையின் நுனியில் இருக்கிறது. கேட்ட தகவல் எந்த வளையத்தில் இருக்கிறதோ அங்கே கை நகர வேண்டும், பிறகு அந்தத் தகவல் சுழன்று முனைக்குக் கீழே வர வேண்டும். 7,200 சுழற்சியில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி ஆகும். சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருப்பு என்றால் 4.2. கை நகரும் நேரத்தையும் சேர்த்தால் விநாடிக்கு நூறு இடங்களுக்குள்தான் போய்வர முடியும். விண்டோஸ் எழுந்திருக்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்கிறது. டாஸ்க் மேனேஜரில் பார்த்த 100 சதவீதத்தின் பொருள் அதுதான்: கை ஓடிக்கொண்டே இருந்தது.

1956இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் வட்டு இயந்திரத்தில் இரண்டடி அகலத் தட்டுகள் 50 இருந்தன. 50 லட்சம் எழுத்துகள் கொள்ளும். இன்றைய கைப்பேசிப் படம் ஒன்று அதை நிறைத்துவிடும். ஓர் எழுத்தைத் தேடி எடுக்க சுமார் 600 மில்லிவிநாடி. அதன் பிறகு வட்டின் கொள்ளளவு பல லட்சம் மடங்கு பெருகியது. தேடும் நேரமோ ஏறத்தாழ அறுபது மடங்குதான் குறைந்தது. மின்சுற்றைச் சிறிதாக்கலாம், நெருக்கலாம், அடுக்கலாம். ஒரு கையை வீசி, நிறுத்தி, நடுக்கம் அடங்கவிட்டுப் படிப்பதை ஓரளவுக்கு மேல் விரைவுபடுத்த முடியாது.

எஸ்எஸ்டியில் நகரும் பாகம் கிடையாது. உள்ளே இருப்பது ஃபிளாஷ் நினைவகம். அதன் அடிப்படை 1967இல் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் சே இருவரும் சொன்ன யோசனை: ஒரு டிரான்சிஸ்டருக்குள், சுற்றிலும் மின்கடத்தாப் பொருளால் அடைத்த சிறு தீவு ஒன்றை வைத்துவிடுவது. போதிய மின்னழுத்தம் கொடுத்தால் எலக்ட்ரான்கள் அந்தச் சுவரைக் குவாண்டம் முறையில் ஊடுருவித் தீவுக்குள் போய்விடும். மின்சாரத்தை நிறுத்தினால் திரும்பி வர வழியில்லை. தீவில் எலக்ட்ரான் இருக்கிறதா இல்லையா என்பதைப் பார்த்து 0, 1 என்று படிக்கலாம். இதைப் பெருந்தொகுதியாக, மலிவாகச் செய்யும் வழியைத் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா கண்டார். 1984இல் ஒரு வகை, 1987இல் இன்று எஸ்எஸ்டிகளில் இருக்கும் நேண்டு வகை. ஒரு பெரிய கட்டத்தை ஒரே வீச்சில் அழிப்பது கேமரா ஃபிளாஷ் போல இருக்கிறது என்று சக ஊழியர் ஒருவர் சொன்னதில் பெயர் வந்தது. தன் கண்டுபிடிப்புக்கு உரிய பங்கு கேட்டு மசுவோகா பின்னாளில் தோஷிபா மீது வழக்குப் போட்டார். 2006இல் 8.7 கோடி யென்னுக்குச் சமாதானமாயிற்று. உலகத்தின் எல்லாக் கைப்பேசிகளிலும் இருக்கும் ஒரு பொருளுக்கு அது அதிகம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஃபிளாஷ் மலிவானதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதுதான். முதலில் ஒரு தீவில் ஒரு பிட் வைத்தார்கள்: காலி அல்லது நிறைவு. ஒரு சொம்பில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதைப் போல. பிறகு அதே சொம்பில் நான்கு அளவுக்கோடு போட்டு இரண்டு பிட், எட்டுக் கோடு போட்டு மூன்று பிட். இப்போது கியூஎல்சி என்ற பெயரில் பதினாறு கோடு, நான்கு பிட். சொம்பு அதேதான், கொள்ளும் செய்தி நான்கு மடங்கு. ஆனால் பதினாறில் எந்தக் கோடு என்று பார்க்க நிதானம் வேண்டும். அந்தக் கோட்டுக்குச் சரியாக நிரப்ப அதைவிட நிதானம் வேண்டும். தவிர, ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் சுவர் சற்றுப் பழுதாகிறது, சொம்பு லேசாகக் கசியத் தொடங்குகிறது. ஒரு பிட் வகை லட்சம் முறை தாங்கியது. மூன்று பிட் வகைக்கு ஓராயிரம் முதல் மூவாயிரம். நான்கு பிட் வகைக்கு ஆயிரத்தை ஒட்டி, சிலவற்றில் அதற்கும் கீழ்.

அப்படியானால் மலிவு எஸ்எஸ்டி சீக்கிரம் செத்துவிடுமா என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் வீண் கவலை. மூன்று பிட் வகை 1 டிபி எஸ்எஸ்டிக்கு வழக்கமாக 600 டிபி வரை எழுத உத்தரவாதம் தருகிறார்கள். ஒரு நாளைக்கு 30 ஜிபி எழுதினால் ஐம்பது ஆண்டுக்கு மேல் வரும். அதற்குள் அதைச் செருகும் துளையே உலகத்தில் இருக்காது.

நான் கவலைப்படுவது வேறு இரண்டு விஷயங்களுக்கு. முதலாவது வேகத்தில் நடக்கும் ஒரு கண்கட்டு வித்தை. நான்கு பிட் எஸ்எஸ்டிகள் காலியிடத்தின் ஒரு பகுதியை ஒரு பிட் முறையில் பயன்படுத்தி, வரும் எழுத்தை முதலில் அங்கே வேகமாக வாங்கிக்கொள்ளும். சாவகாசமாகப் பிறகு பதினாறு கோட்டுச் சொம்புகளுக்கு மாற்றும். திருமண வீட்டு வாசலில் வரவேற்பு பிரமாதமாக இருக்கும், பந்தியில் இடம் இருக்காது என்பதைப் போல. ஒரு பெரிய காணொளித் தொகுப்பைக் கொட்டினால் வாசல் நிறைந்துவிடும். அதன் பிறகு சில மாடல்களில் எழுதும் வேகம் விநாடிக்கு 80 எம்பி அளவுக்கு இறங்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கே அதைவிட வேகம். இரண்டாவது, கசிவு. நன்கு உழைத்துத் தேய்ந்த எஸ்எஸ்டி மின்சாரமே இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்பதுதான் வீட்டுக் கணினிகளுக்கான தொழில்துறைத் தரம். கல்யாணப் படங்களை எஸ்எஸ்டியில் போட்டுப் பட்டுப்புடவையோடு பீரோவில் பூட்டி வைப்பவர்கள் இதை யோசிக்கலாம். அந்த வேலைக்கு ஹார்ட் டிஸ்க்தான் இன்னும் நம்பகமானது.

பெட்டி மேல் அச்சிட்ட எண்ணுக்கு வருவோம். பழைய சாட்டா இணைப்பில் எஸ்எஸ்டியின் உச்சம் விநாடிக்கு 550 எம்பி. அடுத்து வந்தவை 3,500, பிறகு 7,000, இப்போது 14,000. இருபத்தைந்து மடங்கு. ஒரே பெரிய கோப்பை அடி முதல் நுனி வரை இழுக்கும்போது கிடைக்கும் வேகம் இது. ஒவ்வொன்றாகச் சிறு துண்டுகளைக் கேட்டுக் கேட்டு வாங்கும்போது சாட்டா வகை விநாடிக்கு 30, 40 எம்பி தரும். விலையுயர்ந்தது 70, 90 எம்பி தரும். இரண்டு மடங்குதான் வித்தியாசம். நாம் ஒரு செயலியைத் திறக்கும்போது நடப்பது பெரும்பாலும் இந்தச் சிறு துண்டு வேலை. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எந்த எஸ்எஸ்டிக்குப் போனாலும் வாழ்க்கை மாறும். 7,000இலிருந்து 14,000க்குப் போனால் மாறுவது பில் தொகையும், அந்த எஸ்எஸ்டியின் தலையில் ஏறும் சூடும்தான். காணொளித் தொகுப்பாளர்கள் என்னை மன்னிக்கட்டும், அவர்களுக்கு அது தேவை.

ரேமில் கதை இன்னும் விசித்திரம். இன்றைய ரேமின் வடிவத்தை 1966இல் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்ட் யோசித்தார்: ஒரு டிரான்சிஸ்டர், பக்கத்தில் மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் ஒரு மிகச் சிறு மின்தேக்கி. அவ்வளவே ஒரு பிட். மின்தேக்கி கசியும், ஆகவே 64 மில்லிவிநாடிக்குள் ஒருமுறை எல்லா வரிசையையும் படித்துத் திரும்ப எழுத வேண்டும். படிக்கும்போது அந்தத் துளி மின்னூட்டம் ஒரு நீண்ட கம்பியில் கலந்து, கம்பியின் அழுத்தத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அசைக்கும். அந்த அசைவை ஓர் உணர்பெருக்கி பிடித்துப் பெரிதாக்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். அவசரப்படுத்தினால் தவறாகப் படிக்கும். 2000களின் தொடக்கத்தில் வந்த டிடிஆர்-400 ரேமில், திறந்த வரிசையிலிருந்து கேட்ட சொல் வெளிவர 15 நானோவிநாடி. டிடிஆர்4-3200இல் 13.75. டிடிஆர்5-4800இல் 16.7. இருபது ஆண்டு ஓடிய பிறகு எண் லேசாகக் கூடியிருக்கிறது! கூடவே ஒரு தடத்தில் விநாடிக்கு ஓடும் தகவல் 3.2 ஜிபியிலிருந்து 38.4 ஜிபியாகப் பெருகிற்று. ஜிஎஸ்டி சாலையை எத்தனை வழிச்சாலை ஆக்கினாலும் செங்கல்பட்டு இருந்த இடத்தில்தான் இருக்கும்; கிளம்பும் முதல் வண்டிக்கு அந்தத் தூரம் குறையாது.

பிராசசர் ஆண்டுக்காண்டு விரைகிறது, நினைவகம் அதே இடத்தில் நிற்கிறது, ஒரு நாள் இரண்டும் மோதும் என்று 1995இலேயே வில்லியம் வுல்ஃப், சாலி மெக்கீ என்ற இருவர் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் வைத்த பெயர் நினைவகச் சுவர். சுவரைத் தாண்ட முடியாதவர்கள் அஞ்சறைப்பெட்டியைப் பெரிதாக்கினார்கள். இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 2022 ஏப்ரலில் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி. முந்தைய 5800எக்ஸ் பிராசசரில் கேஷ் 32 எம்பி; இதில் அந்தச் சில்லின் முதுகிலேயே இன்னொரு சில்லை ஒட்டி 96 எம்பி ஆக்கினார்கள். மேலே போர்வை போர்த்தியது போல ஆனதால் சூடு வெளியேறவில்லை; உச்ச வேகத்தை 4.7இலிருந்து 4.5 கிகாஹெர்ட்ஸாகக் குறைக்க வேண்டியதாயிற்று. ஆக, பெட்டியில் சின்ன எண், விலை அதிகம். ஆனால் பெரும்பாலான கணினி விளையாட்டுகளில் தம்பி அண்ணனை முந்தினான். மெதுவாகக் கரண்டி பிடிக்கிறவர், பெரிய அஞ்சறைப்பெட்டியோடு.

இனி நான் துக்கம் கொண்டாடும் ஒரு பொருளைப் பற்றி. ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை மறுபடி பாருங்கள்: நூறு விநாடி, அடுத்தது ஒரு நாளுக்கு மேல். இடையில் ஒன்றுமே இல்லை. 2015 ஜூலை 28 அன்று இன்டெலும் மைக்ரானும் மேடையேறி, அந்தப் பள்ளத்துக்குப் பாலம் கண்டுவிட்டோம் என்றன. கிராஸ்பாயிண்ட் என்று பெயர், கடையில் ஆப்டேன். ஃபிளாஷைவிட ஆயிரம் மடங்கு வேகம், ஆயிரம் மடங்கு உழைப்பு, ரேமைவிடப் பத்து மடங்கு நெருக்கம் என்றார்கள். மேடையில் சொன்ன ஆயிரம், கைக்கு வந்தபோது பத்தாகச் சுருங்கியிருந்தது. ஆனால் அந்தப் பத்தே பெரிய விஷயம். ஆப்டேன் எஸ்எஸ்டி சுமார் 10 மைக்ரோவிநாடியில் பதில் சொன்னது. நம் நீட்டிய கணக்கில் வெளியூர்ப் பார்சல் மூன்று மணி நேரத்துக்குள் வாசலுக்கு வந்தது. ரேம் துளையிலேயே செருகும் வகை 2019இல் வந்தது. அது ஐந்தாறு நிமிடத்தில் பதில் சொல்லும், மின்சாரம் போனாலும் மறக்காது.

உள்ளே இருக்கும் பொருள் என்ன என்று இன்டெல் வாய் திறக்கவில்லை. சில்லைப் பிரித்துப் பார்த்தவர்கள் கால்கோஜனைடு வகைக் கலவையைக் கண்டார்கள். சர்க்கரைப் பாகை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டென்று குளிரவைத்தால் கண்ணாடி போல ஒழுங்கற்று இறுகும். ஆற அமர விட்டால் கற்கண்டாகப் படிகமாகும். இந்தக் கலவையையும் மின்சாரத்தால் சுடவைத்து, ஆறும் வேகத்தை மாற்றி, கண்ணாடியாகவோ படிகமாகவோ ஆக்கலாம். கண்ணாடி நிலை மின்சாரத்தைத் தடுக்கும், படிகம் விடும். அதுவே 0, 1. கல்லூரிப் பட்டம் இல்லாமல் தானே படித்து வளர்ந்த ஸ்டான்ஃபோர்ட் ஒவ்ஷின்ஸ்கி என்ற அமெரிக்கர் 1960களில் இந்தக் கலவைகளின் மின்குணத்தைக் காட்டினார். 1970இல் இதைக் கொண்டு 256 பிட் நினைவகம் ஒன்றை விவரித்த கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் இன்டெலைத் தொடங்கிய கார்டன் மூர். நிறுவனரின் இளமைக் கனவு 45 ஆண்டு கழித்து மேடைக்கு வந்தது.

பிறகு ஏன் செத்தது? அடுக்கும் முறையில்தான் விடை இருக்கிறது. நூறு தாளில் துளை போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் அடுக்கி ஒரே குத்தில் துளைக்கலாம். அல்லது ஒவ்வொரு தாளாக எடுத்து அளந்து துளைக்கலாம். ஃபிளாஷ் முதல் வழியில் போயிற்று. பல பத்து அடுக்குப் படலங்களைப் படியவைத்து, மேலிருந்து அடிவரை ஒன்றிரண்டு முறையில் ஆழ்துளை இட்டு, துளையின் சுவரிலேயே எல்லாத் தளத்துச் சொம்புகளையும் ஒருசேரச் செய்தார்கள். இன்னும் பத்து அடுக்கு சேர்த்தால் செலவு கொஞ்சம்தான் கூடும். கிராஸ்பாயிண்டில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். அவை வெட்டும் இடத்தில் ஒரு துளிக் கலவை. ஒவ்வொரு அடுக்குக்கும் தனியாக ஒளியச்சு எடுக்க வேண்டும், அதுதான் சில்லுத் தொழிலில் மிகச் செலவான வேலை. முதல் தலைமுறை இரண்டு அடுக்கு, அடுத்தது நான்கு. அதோடு நின்றது. 2021இல் மைக்ரான் கைவிட்டு, யூட்டாவில் இருந்த ஆலையை 90 கோடி டாலருக்கு டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸுக்கு விற்றது. 2022 ஜூலை 26 அன்று அதே மைக்ரான் 232 அடுக்கு ஃபிளாஷ் உற்பத்தியை அறிவித்தது. இரண்டு நாள் கழித்து ஜூலை 28, மேடையேறி சரியாக ஏழாண்டு. ஆப்டேனை மூடுவதாக இன்டெல் சொல்லி, தேங்கிய சரக்குக்கு 55.9 கோடி டாலர் நட்டம் எழுதியது.

இன்டெலின் பிழையும் இருக்கிறது. 2017இல் வீட்டுக்காரர்களுக்கு அவர்கள் கொடுத்தது 44 டாலர் விலையில் 16 ஜிபி துண்டு. ஹார்ட் டிஸ்க்குக்குத் துணையாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்தக் காசுக்குச் சிறிய எஸ்எஸ்டி ஒன்றே வாங்கிவிடலாம், யார் துணையை வாங்குவார்கள்? ரேம் துளையில் செருகும் வகையையோ தங்கள் சர்வர் பிராசசர்களுக்கு மட்டும் என்று பூட்டி வைத்தார்கள். பாலம் கட்டிவிட்டுத் தன் வீட்டு வண்டி மட்டும்தான் போகலாம் என்றால் சுங்கம் எப்படிச் சேரும்?

இந்தப் பழைய கணக்கெல்லாம் தெரிந்தால்தான் இப்போதைய செயற்கை நுண்ணறிவுக் கணினி என்ற ஸ்டிக்கரை நிதானமாகப் பார்க்க முடியும். 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் ஒரு வரையறை சொன்னது: 16 ஜிபி ரேம், 40 டாப்ஸுக்குமேல் வேலை செய்யும் தனிப் பிரிவு. 40 டாப்ஸ் என்றால் விநாடிக்கு 40 லட்சம் கோடி கணக்கு. கடையில் அந்த எண் கொட்டை எழுத்தில் இருக்கிறது.

மடிக்கணினியிலேயே ஓடக்கூடிய ஒரு மொழி மாதிரியை எடுத்துக்கொள்வோம். 800 கோடி எண்களால் ஆனது. ஒவ்வொன்றையும் 4 பிட்டாகச் சுருக்கினால் 4 ஜிபி. அது ஒரு சொல் துண்டை வெளியிட, அந்த 4 ஜிபி முழுவதையும் ரேமிலிருந்து ஒருமுறை இழுத்துப் பெருக்கிக் கூட்ட வேண்டும். கணக்குகளின் எண்ணிக்கை சுமார் 1,600 கோடி. 40 டாப்ஸ் பிரிவு நினைத்தால் விநாடிக்கு 2,500 துண்டு தரலாம். ஆனால் இந்த வகைக் கணினிகளில் நல்லதொன்றின் ரேம் விநாடிக்கு 135 ஜிபி தரும். நான்கால் வகுத்தால் 33 துண்டு. நூறில் தொண்ணூற்றெட்டுப் பங்கு நேரம் அந்தப் பிரிவு சும்மா நிற்கிறது. எட்டு சதவீதத்தில் உட்கார்ந்திருந்த பழைய பிராசசரின் நினைவு வருகிறதா? நாம் கொடுக்கும் நீண்ட கேள்வியைப் படித்துக்கொள்ளும் கட்டத்தில் டாப்ஸ் உதவும். கேமராவில் பின்னணியை மங்கலாக்குவது போன்ற வேலைகளைக் குறைந்த மின்சாரத்தில் செய்யவும் உதவும். அதை மறுக்கவில்லை. ஆனால் பதில் வரும் வேகத்தை முடிவு செய்வது ரேமின் குழாய் அகலம். அந்த எண் ஸ்டிக்கரில் இருப்பதில்லை.

மலிவு மடிக்கணினிகளில் இது இன்னும் மோசம். 8 ஜிபி ரேமை ஒரே அட்டையாகப் போட்டு விற்கிறார்கள். டிடிஆர்4-3200இல் ஓர் அட்டை விநாடிக்கு 25.6 ஜிபி தரும். இரண்டு தடத்தில் இரண்டு அட்டை என்றால் 51.2. முதலாவதில் நம் மாதிரி விநாடிக்கு ஆறு துண்டுதான் பேசும், இரண்டாவதில் பன்னிரண்டு. தமிழில் பேசினால் இழப்பு அதிகம். பெரும்பாலான மாதிரிகள் ஆங்கிலத்தை மனதில் வைத்துச் சொற்களை வெட்டுகின்றன. ஆங்கிலச் சொல் ஒன்று ஒரு துண்டில் முடியும், தமிழ்ச் சொல் நான்கைந்து துண்டாகச் சிதறும். அதே கணினியில் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுவது தமிழில் திக்கித் திணறும்.

அட்டையைப் பிறகு மாற்றிக்கொள்ளலாமே என்றால், வேகமான ரேமை இப்போது பலகையிலேயே ஒட்டிவிடுகிறார்கள். இதில் தந்திரம் மட்டும் இல்லை, இயற்பியலும் இருக்கிறது: அவ்வளவு வேகத்தில் ஓடும் சமிக்ஞைக்குக் கம்பி குட்டையாக இருக்க வேண்டும், பழைய செருகுதுளைகளில் அது கெட்டுப்போகும். தீர்வும் இருக்கிறது. 2023 டிசம்பரில் தரப்படுத்தப்பட்ட கேம்2 என்ற தட்டையான அட்டை, பலகை மீது திருகி அழுத்தப்படுவது, கழற்றவும் கூடியது. சில மாடல்களில் வந்துவிட்டது. எல்லாரும் ஏன் போடவில்லை என்பதற்குப் பொறியாளரைவிட விற்பனை மேலாளரிடம் பதில் கிடைக்கும் என்பது என் சந்தேகம்.

இதற்கு நடுவில் 2025 கடைசியில் ரேம் விலை எகிறியது. சில மாதத்தில் இரட்டிப்பையும் தாண்டியது. காரணமும் அதே காத்திருப்புதான். பெரிய தரவு மையங்களின் செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளும் நினைவகத்துக்காகக் காத்திருக்கின்றன. அதைக் குறைக்க ரேம் சில்லுகளை மாடிமாடியாக அடுக்கிப் பிராசசரின் பக்கத்திலேயே ஒட்டுகிறார்கள். என்விடியாவின் எச்100இல் இப்படி 80 ஜிபி, விநாடிக்கு 3,350 ஜிபி வேகம். நம் வீட்டு ரேமைவிட ஒரு ஜிபிக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு சிலிக்கான் தகட்டை இந்த வகை விழுங்குகிறது. உலகத்து ரேமில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே பேர். காசு அதிகம் தருகிற பக்கம் திரும்பிவிட்டார்கள். 2025 டிசம்பரில் மைக்ரான், குருஷியல் என்ற பெயரில் வீட்டுக் கணினிகளுக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த வியாபாரத்தையே மூடுவதாக அறிவித்தது.

தங்கை மகள் போன வாரம் ஒரு ஷோரூமிலிருந்து படம் அனுப்பினாள். கணினிக்குப் பக்கத்தில் நிற்கும் அட்டையில் 45 டாப்ஸ் என்று பெரிதாக, 16 ஜிபி என்று சிறிதாக. "ரேம் ஒரே அட்டையா, ரெண்டா? ஒட்டினதா, கழட்டலாமா? கேளு" என்று எழுதினேன். பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது. "அதெல்லாம் யாரும் கேக்கறதில்லைன்னு சொல்றாங்க மாமா."

பழைய பெட்டியை அவள் இன்னும் வைத்திருக்கிறாள். அன்றைக்கு அடிமூடியைத் திறந்தபோது இரண்டாவது ரேம் துளை காலியாக இருந்ததைப் பார்த்து வைத்திருந்தேன். அது டிடிஆர்3, தரவு மையங்கள் எதற்கும் இனி வேண்டாத சரக்கு, ரிச்சி தெருவில் பழைய அட்டைகள் பெட்டி பெட்டியாகக் கிடக்கும். ஷோரூமை விட்டு வெளியே வரச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை போகிறோம்.